ஊசி முனை கிடைக்காத ஞாயிறு

“…பொட்டு இல்ல, பூ இல்ல, கழுத்துல ஒரு மாலையாச்சும் இருக்குதான்னா அதுவும் இல்ல. அப்பறம் எதைப் பாத்துட்டுங்க்கா உங்களச் சாமி கும்புடற ஆளுன்னு நான் சொல்றது?”

பிரித்துப் போட்ட அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, தரையில் உட்கார்ந்து, என்னோடு வேலை பார்க்கிறவள் என்னிடம் இதைச் சொன்னாள். வலது பாதத்தைச் சேலைக்குள் இழுத்து ஒளித்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்; இடம், நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் நாங்கள் வேலை பார்க்கிற பனியன் யூனிட். இது பதில்; கேள்வி என்னுடையதுதான். காலையில் கேட்டது. அவள் அப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பதில் மத்தியானம் வந்தது. இடையில் நடந்ததைச் சொல்லாவிட்டால் அவள் பாதத்தை ஒளித்தது விளங்காது.

நான் தெற்கத்திக்காரி. தலைமுறை தலைமுறையாகக் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் பக்கம் அந்தக் காலத்திலிருந்தே எங்களை வேதக்காரர் என்றுதான் சொல்வார்கள். கல்யாணமான கையோடு பிழைக்க வந்து மண்ணரைப் பகுதியில் ஒரு லைன் வீட்டில் குடியேறினோம். வந்த புதிதில் வீட்டுக்காரம்மா பொட்டில்லாத என் நெற்றியைப் பார்த்துவிட்டு, பாவம், சின்ன வயசிலேயே போய்விட்டார் போல என்று தன் வீட்டு வளைகாப்புக்கு என்னைக் கூப்பிடவில்லை. மறுநாள் என் வீட்டுக்காரர் லுங்கியோடு பைப்படிக்குக் குடம் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்து, “ஏனுங்க, இவரு ஆருங்க?” என்றாரே பார்க்கணும். எங்கள் விசுவாசத்துக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் அடையாளம் அதுதான்: உயிரோடு இருக்கிற மனுசனைச் சாகடித்தது.

யூனிட்டில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வருகிற பிள்ளைச் சட்டைகளை விளக்குக்கு அடியில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்க்கணும். குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டணும். நாள் முழுக்க அடுத்தவர் குறையைத் தேடி ஒட்டுகிற கை. “அக்கா சம்பளம் வாங்கறதே நொட்டை சொல்றதுக்குத்தான்” என்று டெய்லர்கள் சொல்வார்கள். ஊசிப் பெட்டியும் என் பொறுப்புதான். மிஷினில் ஊசி ஒடிந்தால் ஒடிந்த துண்டு அத்தனையும் பொறுக்கிக் கொண்டுவந்து காட்டினால்தான் புது ஊசி கொடுப்பேன். தைப்பது கைக்குழந்தை போடுகிற சட்டை. உள்ளே ஒரு முனை மாட்டிக்கொண்டு போனால் என்னாகும் என்று பெற்றவர்கள் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம்.

அவள் இந்த ஊர் ராயபுரத்துக்காரி, ஓவர்லாக் டெய்லர். என்னைவிடச் சின்னவள். என் மேசைக்கு நேர் எதிரே அவள் மிஷின். பல வருஷமாக ஒரே தூக்குச் சட்டியில் குழம்பு மாற்றிக்கொள்கிற பழக்கம். அவள் வீட்டில் எல்லாம் முருகன்தான். போன வருஷம் புருஷன் வண்டியிலிருந்து விழுந்து பேச்சு மூச்சில்லாமல் கிடந்தபோது, பிழைத்து எழுந்தால் பழனிக்கு நடந்து வருகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். மனுசன் எழுந்தான். தை பிறந்ததும் மாலை போட்டாள். பச்சைச் சேலை, கழுத்தில் மணிமாலை, காலில் செருப்பில்லை. ஜல்லி பெயர்ந்த தார் ரோட்டில் வெறுங்காலோடு வேலைக்கு வருவாள். அவளைப் பார்த்த யாருக்கும் கேட்கத் தோன்றாது, நீ யாரைக் கும்பிடுகிறாய் என்று. அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலம் சொந்தபந்தம் எல்லாம் சேர்ந்து நடக்கத் தொடங்குவதாக ஏற்பாடு.

அதற்கு முந்தின ஞாயிறு எங்கள் ஆராதனையில் போதகர் ஒரு வேலை கொடுத்திருந்தார். “நீங்க கிறிஸ்தவங்கன்னு நீங்க சொல்ல வேண்டாம். பக்கத்துல வேலை செய்யறவங்ககிட்டப் போய்க் கேளுங்க, என்கிட்ட என்னத்தப் பாத்தீங்கன்னு. அவங்க சொன்னத அடுத்த வாரம் எந்திருச்சு சாட்சியாச் சொல்லுங்க.” சாட்சி சொல்வது எங்கள் சபையில் வழக்கம்தான். காய்ச்சல் விட்டது, மகனுக்கு வேலை கிடைத்தது என்று மைக் பிடித்துச் சொல்வோம். இது வேறு மாதிரி. வாரம் முழுக்க அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கேட்க வாய் வரவில்லை. என்ன சொல்வாளோ என்கிற பயத்தைவிட, சொல்ல ஒன்றும் இருக்காதோ என்கிற பயம் பெரிது. விடிந்தால் அடுப்பு, அப்புறம் பஸ், அப்புறம் டியூப் லைட், வீட்டுக்கு வந்தால் மறுபடி அடுப்பு. ஜெபம் பண்ண முட்டி போட்டால் அப்படியே கட்டிலில் தலை சாய்ந்து தூங்கிவிடுகிற பொம்பளை நான். இதில் எதைக் கண்டு ஒருத்தி விசுவாசம் என்பாள்?

சனிக்கிழமை சாயங்காலம் அவள் மிஷினில் ஊசி ஒடிந்தது. கொண்டைப் பாகம் கிடைத்தது, நடுத்துண்டு கிடைத்தது. முனை இல்லை. மிஷினைத் திறந்து பார்த்தோம், தரையைக் கூட்டிப் பார்த்தோம், காந்தம் வைத்துத் துழாவினோம். இல்லை. அவள் தைத்த சட்டைகள் அதற்குள் மற்றவற்றோடு கலந்து பெட்டிக்குள் போய்விட்டன. வெளியே லாரி நின்றுகொண்டிருந்தது.

சூப்பர்வைசர் தம்பி என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். “ஏனுங்க்கா, ஒரு முனைதானுங்க. பழைய ஊசி ஒண்ண ஒடிச்சு அந்த முனைய டேப்புல ஒட்டிக் காட்டிப் போடுங்க. நீங்க கெடச்சுதுன்னு சொன்னா மொதலாளி மறுபேச்சுப் பேச மாட்டாருங்க. வேதக்காரங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னு அவருக்கு அப்படியொரு நெனப்பு.”

சிரிப்பு வந்தது எனக்கு. பொய் சொல்லாதவள் என்று பேர் எடுத்ததே, ஒரு நாள் பொய்க்கு உதவும் என்றா?

“கிடைக்கலன்னா கிடைக்கலன்னுதான் தம்பி சொல்ல முடியும்” என்றேன்.

படிக்கிறவர்கள் என்னைப் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அந்த நேரம் எனக்கு வேதமும் ஞாபகம் வரவில்லை, சட்டை போடப்போகிற குழந்தையும் ஞாபகம் வரவில்லை. கண் எரிந்தது, இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஒரு பொய் சொன்னால் அதை ஞாபகம் வைத்துக் காப்பாற்றிக்கொண்டு திரியணும், அதற்குத் தெம்பில்லை. எங்கள் அம்மா சொல்வாள், “பொய்யி கைப்பிள்ள மாதிரி, பெத்தவதான் இடுப்புல சுமக்கணும்” என்று.

தம்பி முகம் கறுத்துப்போனது. லாரியைத் திருப்பி அனுப்பினார். எல்லாரும் ஞாயிறு வரணும், பெட்டி அத்தனையும் பிரிக்கணும், ஒவ்வொரு சட்டையாக, இரும்பு இருந்தால் கத்துகிற டிடெக்டரைக் காட்டிப் பார்க்கணும், யார் மிஷின் ஊசியோ அவர் கடைசி வரைக்கும் இருக்கணும் என்றார். போகிற போக்கில் அவளைப் பார்த்து, “உங்க கவனக்கொறைவுன்னு தெரிஞ்சுதுன்னா, அப்பறம் மிஷின்ல உக்காத்த மாட்டனுங்க, நூல் வெட்டத்தான் போகோணும்” என்றார்.

அவள் என்னிடம் வந்து நின்றாள். “அக்கா, நாளைக்கு விடியால நான் கெளம்போணுங்க.”

“தெரியும் பிள்ள.”

“தெரிஞ்சுமா?” என்றாள். அந்த ஒற்றைச் சொல் ராத்திரி முழுக்கக் காதில் கிடந்தது.

ஞாயிறு காலை வாசலில் நுழையும்போதே மதுரைக்காரத் தம்பி ஒருவன், பவர்டேபிள் டெய்லர், கும்பிடு போட்டான். “வாங்கக்கா, இன்னைக்குச் சர்ச்சு இங்கதான. பிரசங்கம் நீங்களே பண்ணிருவீகளா, இல்ல வெளிய இருந்து ஆள் வாராகளா?” கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். “நீங்க மோட்சம் போறதுக்கு நாங்க ஓவர்டைம் பாக்கணும்” என்றான். அதில் தப்பும் இல்லை. ஒடிசாப் பிள்ளை ஒருத்தி கண்ணைக் கசக்கிக்கொண்டே, “ஆன்ட்டி, ஆஜ் சண்டே ஹை நா?” என்றாள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவள் தலைக்குக் குளித்து ஊருக்குப் போன் பேசுகிற நாள். ஆமா கண்ணு, சண்டேதான் என்று சொல்ல எனக்கு இந்தி கூட வரவில்லை.

என் சபையில் அந்நேரம் பாட்டு நடந்துகொண்டிருக்கும். நான் எழுந்து சாட்சி சொல்ல வேண்டிய வேளை. நானோ பிள்ளைச் சட்டையைப் பாலித்தீன் பையிலிருந்து உருவி, கையடக்க டிடெக்டரை மேலே ஓட்டி, ஒலி வராததைக் கேட்டு, மடித்து, திரும்ப உள்ளே போட்டுக்கொண்டிருந்தேன். எதிரே அவள், பச்சைச் சேலை, மாலை. புருஷனும் சொந்தக்காரர்களும் நடக்கத் தொடங்கி, போகிற வழியில் கோவில்வழி என்கிற ஊரில் ஒரு சித்தப்பா வீட்டில் இவளுக்காகக் காத்திருந்தார்கள். இருட்டுகிற வரைக்கும் பார்ப்பார்கள், அப்புறம் போய்விடுவார்கள். “பின்னால பஸ்ஸில போய்ச் சேர்ந்துக்கயேன் பிள்ள” என்றேன். “பஸ்ஸில போறதுக்கு எதுக்குங்க மாலை?” என்றாள்.

அப்போதுதான் கேட்டேன், புத்தி கெட்டவள். போதகர் சொன்னதைச் சொல்லி, “என்கிட்ட அப்படி ஏதாவது தெரியுதா பிள்ள?” என்று. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “இப்ப இது ஒண்ணுதான் கொறைச்சலுங்க்கா” என்று திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

மத்தியானச் சோற்றுக்கு எல்லாரும் வாசல் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் விரதம் மாதிரிப் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தோம். அடுத்த பெட்டியை எடுக்க எழுந்தவள் குதிகாலை ஊன்றாமல் விரலால் நடந்தாள்.

“காலுக்கு என்ன பிள்ள?”

“ஒண்ணுமில்லீங்க. மாலை போட்டா காலு நோகத்தாஞ் செய்யும். நோகுதுன்னு வாயில சொல்லக் கூடாதுங்க.”

“எப்ப இருந்து நோகுது?”

“நேத்துச் சாயங்காலம்…” என்றவள் பாதியில் நிறுத்தினாள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மெல்ல உட்கார்ந்து பாதத்தைத் திருப்பினாள். வெறுங்காலோடு நடந்து நடந்து குதிகால் வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்புக்குள் பொட்டுப் போல ஒரு கறுப்பு, சுற்றிலும் வீங்கிச் சிவப்பு. முனை குத்தியதைச் சாமி கொடுத்த நோவு என்று ராத்திரி முழுக்கப் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மாலை போடாத எந்தப் பொம்பளையும் குத்தின கணமே ஐயோ என்று கத்தியிருப்பாள். சனிக்கிழமையோடு வேலை முடிந்து, இந்த ஞாயிறு எல்லாரும் வீட்டில் இருந்திருப்போம்.

சட்டென்று பாதத்தைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். வாசல் பக்கம் பார்த்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று கேட்காமலே தெரிந்தது. அத்தனை பேருடைய ஞாயிறும் இவள் குதிகாலுக்குள் இருந்தது என்று தெரிந்தால் மதுரைக்காரன் ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பான். சூப்பர்வைசர் சொன்ன சொல்லும் இருக்கிறது. விழுந்ததில் போன வேலை புருஷனுக்கு இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த மிஷின்தான் வீட்டுக்கு அடுப்பு.

நான் சொன்னேன்: “பாத்ரூமுக்குப் போ. ஊக்கு எடுத்துக்கிட்டுப் பின்னாலயே வாரேன். எடுத்துருவோம். முனை தரையில கெடந்துச்சுன்னு நான் சொல்லிக்கிடுதேன். நீ இருட்டுறதுக்குள்ள கோவில்வழி போய்ச் சேரு.”

அவள் என்னையே பார்த்தாள். “நேத்து லாரிக்காகச் சொல்லாத பொய்ய, இன்னைக்கு எனக்காகச் சொல்லுவீங்களாக்கும்?”

எனக்குக் களைப்பாக இருந்தது. நேற்றுச் சொல்ல மாட்டேன் என்றதற்கும் காரணம் தெரியவில்லை, இன்றைக்குச் சொல்கிறேன் என்றதற்கும் தெரியவில்லை.

அப்போதுதான் காலையில் கேட்ட கேள்விக்குப் பதில் வந்தது.

“கேட்டீங்களே, உங்ககிட்ட என்ன தெரியுதுன்னு. பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க்கா. பொட்டு இல்ல, பூ இல்ல, கழுத்துல ஒரு மாலையாச்சும் இருக்குதான்னா அதுவும் இல்ல. அப்பறம் எதைப் பாத்துட்டுங்க்கா உங்களச் சாமி கும்புடற ஆளுன்னு நான் சொல்றது? நேத்து நீங்க மாட்டேன்னப்ப, அது சாமியா வீம்பான்னு எனக்கு வெளங்கலீங்க. நைட்டெல்லாம் உங்கள வஞ்சுட்டுத்தான் கெடந்தேன். ஆனா ஒண்ணுங்க. இந்த ஊசி கெடைக்கலன்னு நீங்க சொன்னத இங்க ஒருத்தர்கூடச் சந்தேகப்படல. பெட்டியெல்லாம் பிரிச்சுட்டு உங்கள வையறாங்க, நக்கல் பண்றாங்க. ஆனா பொய்யின்னு ஆருமே சொல்லல. அத எனக்காகப் போய்க் கெடுத்துக்காதீங்க.”

சொல்லிவிட்டு என் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெரியவள் மடியில் காலை வைக்கிறோமே என்கிற கூச்சம் அவள் முகத்தில் இருந்தது. சேலைக்குள்ளிருந்து பாதத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். என் கையிலிருந்த டிடெக்டரை வாங்கி, வாசல் பக்கம் சோறு தின்றுகொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, தன் குதிகாலின் மேல் பிடித்து அழுத்தினாள்.