மொன்னை மூக்கன் கலக்கிய பாகு

தம்பிக்கு ‘மொன்னை மூக்கன்’ என்கிற பேர் வந்ததை அக்காள் முதன்முதலில் கேட்டது சித்தப்பா வாயிலிருந்துதான். அலமாரிக்குப் பின்னால் ஒரு எலி செத்து, நாலு நாளாக யாருக்கும் தெரியாமல் அழுகிப்போயிருந்தது. வீட்டில் இருந்த அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓட, இவன் மட்டும் அதே அலமாரியில் சாய்ந்துகொண்டு தட்டை வழித்து நக்கிக்கொண்டிருந்தான். “இவனுக்கு இருக்கிறது மூக்கா, மொன்னையா?” என்று சித்தப்பா ஓங்கரித்துக்கொண்டே கேட்டார். சின்ன வயதில் வந்த விஷக்காய்ச்சல் உயிரை விட்டுவிட்டு மோப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தது.

அப்படிப்பட்டவன், போயும் போயும் தேனீ வளர்க்கப் போனான். தேனீயோ வாசனையிலேயே பிழைக்கிற ஜீவன். பூவில் குடித்து வந்த ஈ, கூட்டுக்குள் மற்றதுக்கு வாயோடு வாய் வைத்து ஊட்டும்போது பூவின் வாசனையும் சேர்ந்தே போகும். மற்றவை அதைப் பிடித்துக்கொண்டு அந்தப் பூவையே தேடிக் கிளம்பிவிடும். வெங்காய விதை போடுகிற பண்ணைக்காரர் ஒருவர் இவன் தேனீப் பெட்டிகளை வயலோரம் வைக்கச் சொன்னார். தேனீ உட்கார்ந்தால்தான் விதை பிடிக்கும். ஆனால் வெங்காயப் பூ என்றால் அதுகளுக்கு இளக்காரம். அதற்கும் ஒரு வழி உண்டு. பூவைச் சீனிப்பாகில் ஊறப்போட்டு, வடிகட்டிப் பெட்டிக்குள் வைத்தால், அந்த வாசனைதான் சாப்பாடு என்று நம்பி வயலுக்குப் போகும்.

அக்காளுக்கு பஸ் ஸ்டாண்டுக் கக்கூஸ் கழுவுகிற வேலை. புருஷன் இடுப்பொடிந்து படுத்த படுக்கையாகி ஆறு வருஷம். அவள் கை ஓய்ந்தால் அந்த வீட்டில் அடுப்பும் ஓய்ந்துவிடும்.

அந்தக் கக்கூசுக்குத்தான் ஒரு நாள் தேனீ வந்தது. முதலில் பத்து, மறுநாள் நூறு. பீங்கான் விளிம்பில், மூத்திர வாய்க்காலில், சளி துப்பிய மூலையில் எல்லாம் அப்பிக்கொண்டு நாக்கை நீட்டி நக்கின. சர்க்கரை வியாதிக்காரர்கள் விட்டுப்போன இடம் இருக்கிறதே, அங்கே கருகருவென்று மொய்த்துக் கிடந்தன. மலம் அள்ளிப் பழகிய அக்காளே முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தண்ணீர் ஊற்றினாள். பயணி ஒருவருக்கு வெளியே சொல்ல முடியாத இடத்தில் கொட்டிவிட, மனுஷன் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸையும் தாண்டி ஓடினார்.

துப்புரவு மேஸ்திரி வந்து குதித்தார். “உள்ள உக்காந்து எதையாவது இனிப்பா தின்னு சிந்தியிருப்ப!”

“கக்கூஸ்ல குந்திக்கிட்டு யாருய்யா தின்பாங்க? உங்க வீட்ல அப்படித்தான் வழக்கமா?”

“வாய் மட்டும் கிழியுது. திங்கக்கிழமைக்குள்ள ஒரு ஈ இருக்கக்கூடாது. இருந்துச்சு, வேற ஆளப் போட்டுருவேன்.”

அன்றைக்கு, வழக்கமாக ஊற்றிக் கழுவுகிற ரோஜா வாசனை மருந்து தீர்ந்துபோய், வெறும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினாள். ஈக்கள் பாதிக்குப் பாதி குறைந்தன. மறுநாள் புது கேனை உடைத்து அந்த ரோஸ் கலர் தண்ணீரை ஊற்றியதுதான் தாமதம், ரீங்காரம் காதைப் பிய்த்தது. விளக்குமாற்றைப் பிடித்தபடியே நின்று யோசித்தாள். பதினைந்து நாளைக்கு முன்னால் தம்பி வந்து அந்த மருந்து இருந்த காலி கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வயலுக்குப் போனாள். வெங்காயப் பூ வெள்ளை வெள்ளை உருண்டையாகப் பூத்து நின்றது. ஒரு ஈ இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் அவளுடைய கேன். மூடியைத் திறந்தாள். பாகின் இனிப்பும் வெங்காய வாடையும் ரோஜாவும் கலந்து குப்பென்று அடித்ததில் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

“எமப்பயலே, இதுலயாடா பாகு ஊத்தி வச்ச?”

“மூணு தடவ கழுவினேங்க்கா.”

“மோந்து பாத்தியாடா?”

“என் மூக்கோட லட்சணம் உனக்குத் தெரியாதா?”

“பெண்டாட்டிக்குமா மூக்கு இல்ல?” என்று கேட்டு, கக்கூசில் நடப்பதை ஒன்று விடாமல் சொன்னாள். அவன் முகத்தில் ஒரு சுளிப்பு வரவில்லை. ஏற்கெனவே தெரிந்தவன் மாதிரி காதைச் சொறிந்தான்.

“அதான் இங்க வராம எங்கயோ போகுதேன்னு பாத்தேன். நீ யார்கிட்டயும் மூச்சு விடாதக்கா. நேத்துதான் தேன் எடுத்திருக்கேன். எங்க போய் வந்தா என்ன, தேன் தேன்தானே?”

“அதையாடா விக்கப் போற?”

“போன வாரத்துதே வித்தாச்சு. சுத்தமான பூந்தேன்னு சொல்லி வாங்கிட்டுப் போறாங்க. உனக்கு இந்த வேலை போனா இன்னொரு கக்கூஸ், எனக்கு அப்படியா?”

அதற்குள் தம்பி பெண்டாட்டி ஒரு பாட்டிலை நீட்டினாள். “அண்ணனுக்குத் தினம் ஒரு ஸ்பூன் குடுங்க அண்ணி, உடம்புக்குத் தெம்பு.” பாட்டிலுக்குள் பொன் மாதிரி மினுங்கியது. அக்காளுக்கு அந்த வாய்க்கால்தான் கண்ணில் தெரிந்தது. வரப்பில் குந்தி, காலையில் குடித்த தேநீரை அப்படியே கக்கினாள். கூடப் பிறந்தவன் முதுகைத் தடவ வந்தான். “தொடாத!” என்றாள்.

கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். திங்கட்கிழமை, மேஸ்திரி பார்க்கப் பார்க்க, கழிப்பறை வாசலில் அதைத் திறந்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்த ஈயெல்லாம் வெளியே வந்து கேன் வாயில் கொத்தாக அப்பிக்கொண்டன. பாகு கதையை முழுசாகச் சொல்லி முடித்தாள். கூடப் பிறந்தவன் என்பதையும் மறைக்கவில்லை.

மேஸ்திரி முகம் வெளுத்தது. “உன் தம்பின்னா... அந்த வெங்காய வயல்கிட்ட தேன் விக்கிறவனா?”

“அவனேதான்.”

“போன வாரத்துலேர்ந்து தினம் ரொட்டியில தடவித் தின்னுக்கிட்டிருக்கேனே!” சொல்லி முடிக்குமுன் கடைசி அறைக்குள் ஓடினார். குடலே வந்துவிடும் போல் சத்தம் கேட்டது. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு, “நீ வேலையைப் பாரு” என்றார். அக்காள் அவர் வாந்தியையும் சேர்த்துக் கழுவினாள்.

மேஸ்திரி வாய் சும்மா இருக்குமா? சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. வாங்கினவர்கள் பாட்டிலைக் கொண்டுவந்து அவன் வாசலிலேயே கவிழ்த்துவிட்டுப் போனார்கள். பண்ணைக்காரர் பெட்டிகளை வண்டியில் ஏற்றி வெளியே அனுப்பினார். “உடம்பொறந்தவளே குழி பறிச்சிட்டா” என்று அவன் அழுதானாம். அவன் எப்படி இருக்கிறான் என்று அக்காள் ஆள் அனுப்பிக்கூடக் கேட்கவில்லை.

மொன்னை மூக்கன் இப்போது பெண்டாட்டியின் ஊரில், மாமனாரின் செங்கல் சூளையில் கல் அடுக்குகிறான்.