ஒற்றன் படமும் ஓட்டை அட்டையும்

அபிப்பிராயம் கேட்கிற வேலையில் முதல் நாளே ஒன்று தெரிந்துவிடும்: "படம் எப்படி இருந்தது?" என்று நாம் கேட்டால், "நீ யாரு?" என்றுதான் பதில் வரும். வீடு வீடாக ஏறி இறங்கிச் சோப்புத் தூள் நல்லதா என்று கேட்டவர்கள், மக்கள்தொகைக் கணக்குக்கு அலைந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். நாமெல்லாம் ஒரே பாவப்பட்ட கூட்டம்.

போன வருஷம் ஆரணியில் ஒரு தியேட்டரில் ஒரு வாரம் இந்த வேலை பார்த்தேன். அந்தக் காலத்து உளவாளிப் படங்களைக் கேலி செய்து எடுத்த காமெடிப் படம். ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று எழுதி அனுப்பும்படி விநியோகஸ்தர் கேட்டிருந்தார். கான்வென்ட்டில் படித்தவள், கையெழுத்து சுத்தமாக இருக்கும் என்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஒன்பது மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வேலை பார்க்கலாம் என்றார். ஒத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். என் கணவர் பட்டுப்புடவை டிசைனுக்கு அட்டை குத்துகிறவர். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் நீள நீளமாக அட்டைகள் கோர்த்துச் சுற்றும். அதிலுள்ள ஓட்டைகளைப் பொறுத்துத்தான் இழை எழும்பிக் கரையில் மயிலோ மாங்காயோ விழும். புடவை கடைக்கு வரும் முன்னால் டிசைன் வெளியே போனால் முதலாளி அன்றைக்கே ஆளை வேலையை விட்டு அனுப்பிவிடுவார். இவருக்கு முன்னால் இருந்தவரை அப்படித்தான் அனுப்பினார். குத்துகிறவருக்கு நெய்கிறவர் யாரென்று தெரியாது, நெய்கிறவருக்குக் குத்துகிறவர் யாரென்று தெரியாது. அவ்வளவு கட்டுப்பாடு. எங்கள் தெருவில் யாராவது புது ஆள் நின்று பீடி பற்ற வைத்தால்கூட நான் கதவைச் சாத்திவிடுவேன். அந்த வேலைதான் எங்கள் மூன்று பேருக்கும் சோறு.

இந்தக் கதைக்குக் காரணமான புடவை கடைக்கு வந்து விற்றும் போய்விட்டது. அந்தத் தைரியத்தில்தான், குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். பேர் எதுவும் எழுத மாட்டேன், கேட்காதீர்கள்.

முதல் ரீல்

பழைய படம் மாதிரி இருக்க வேண்டும் என்று முதல் பத்து நிமிஷத்தை வேண்டுமென்றே கருப்பு வெள்ளையில் எடுத்திருந்தார்கள். நடுநடுவே தேய்ந்த ரீல் மாதிரி கோடு கோடாக மழை வேறு பெய்யும். வெள்ளிக்கிழமை முதல் காட்சியில், குடும்பத்தோடு வந்த ஒருவர் ஐந்தாவது நிமிஷமே வெளியே வந்துவிட்டார். நான் நோட்டைத் திறந்துகொண்டு ஆசையாக ஓடினேன். "கலர் படம்னு போஸ்டர் ஒட்டிட்டு இன்னாமா இது?" என்றார். "அது கிண்டலுக்காகங்க, கொஞ்ச நேரத்துல கலர் வரும்" என்றேன். மேனேஜரும் வந்து சத்தியம் செய்தார்.

அவர் எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். கதவைத் திறந்து திரையைக் காட்டினோம். அந்த நேரம் பார்த்துத்தான் கலர் வந்தது. அவர் அசரவில்லை. "நான் வெளிய வந்து கேட்டேன்னு இப்ப ஜல்தியா ரீல மாத்திட்டீங்க. கேக்காதவன் கருப்பு வெள்ளையே பாத்துட்டுப் போவான், அதானே?"

பேர், ஊர், கையெழுத்து

மேனேஜர் அச்சடித்துக் கொடுத்த காகிதத்தில் பேர், ஊர், கையெழுத்து என்று மூன்று கோடு இருந்தது. மூன்றும் மூன்று பாம்பு மாதிரி. பேனாவை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட ஊர்க்கதை ஒவ்வொருவரிடமும் ஒன்று இருந்தது. பெண்கள் வரிசையில் ஒரு அக்கா என் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சிக்கொண்டே, "படம் நல்லாருக்குதுன்னு எழுதினா எந்த ஆபீஸ்லருந்து வருவாங்க, நல்லால்லன்னு எழுதினா எந்த ஆபீஸ்லருந்து வருவாங்க?" என்று கேட்டாள்.

சரி, பேர் வேண்டாம், ஒரு டிக் போட்டால் போதும் என்று முடிவானது. மெல்லிய காகிதத்தில் கடலைத் தோலை மடித்துப் போடுகிறார்கள், கெட்டி அட்டையாக இருந்தால் திரும்பி வரும் என்றார் மேனேஜர். அங்கேதான் எனக்குப் புத்தி போனது. வீட்டில் ஒரு மூலையில், தப்பாகக் குத்திய அட்டைகள் அடுப்புக்கென்று கிடந்தன. எங்கள் பள்ளியில் சிஸ்டர் ஒரு தாளின் இரண்டு பக்கத்தையும் எழுதி முடித்தால்தான் அடுத்த தாள் கொடுப்பார். அந்தப் பழக்கம். நாலாக வெட்டினால் யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று கணவரிடம் சொல்லாமலே வெட்டி எடுத்துப் போனேன். ஞாயிற்றுக்கிழமை முதல் அட்டையை வாங்கியவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, இத்தினி ஓட்ட குத்தி வச்சிகினு என்கிட்ட எதுக்குக் கேக்கற? ரிசல்ட்டு முன்னாடியே முடிவாயிடுச்சா?"

மறு

படத்தில் ஒற்றன் கன்னத்தில் ஒரு மறு ஒட்டிக்கொண்டு வில்லன் குகைக்குள் போவான். வாசலில் நிற்கிற அடியாள் முதல் உள்ளே டீ போடுகிறவன் வரை எல்லோரும், "வாங்க ஒற்றர் சார், மறு நல்லாருக்குது" என்பார்கள். தியேட்டரே அதிரும். திங்கட்கிழமை ஒருவர் மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். தையற்கடைக்காரர், ஐம்பது வயது இருக்கும். அந்தக் காலத்து உளவாளிப் படம் ஒன்று விடாமல் பார்த்தவராம். அட்டையை வாங்கவே இல்லை. இந்த மாதிரிக் கேலிக்கெல்லாம் பின்னால் யாரோ இருக்கிறார்கள், யாரென்று தனக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன் என்றார்.

"அந்தப் படங்களில் மறு ஒட்டினால் நிஜமாகவே யாருக்கும் அடையாளம் தெரியாதாங்க?" என்று நான் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "தெரியும்மா. தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருப்பாங்க. ஒருத்தன் கஷ்டப்பட்டு ஒட்டிகினு வந்துகிறான், அதுக்கு ஒரு மரியாத வேணாம்?"

துண்டு போட்ட ஆள்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மத்தியானக் காட்சிக்கு ஒருவர் தினமும் வந்தார். தலையில் கட்டம் போட்ட துண்டு, பாதி முகம் மறைந்திருக்கும். கடைசி வரிசை ஓரம். எல்லோரும் சிரிக்கும்போது அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். அட்டை கொடுத்தால் புரட்டிப் பார்த்துவிட்டு, "வேற ஒண்ணு குடும்மா" என்பார். அதையும் பார்த்துவிட்டு இன்னொன்று. முதல் நாள், அபிப்பிராயத்தை அடித்து அடித்து எழுதுகிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்தேன். மறுநாள் எண்ணிப் பார்த்தால் அவரிடம் போன அட்டை ஒன்றுகூடத் திரும்பவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு அட்டையின் முனையிலும் என் கணவர் வரிசை எண் எழுதியிருப்பார். எண்களை வைத்துச் சேர்த்தால் டிசைனின் ஒரு மூலையாவது கிடைத்துவிடும். மேனேஜரிடம் அந்த ஆளை உள்ளே விட வேண்டாம் என்றேன். "டிக்கெட் எடுக்கறாரு, சண்டை போடல, சிரிக்கக்கூட மாட்டேங்கறாரு. அவரை எதுக்கும்மா பேஜார் பண்றது?" என்றார். மிச்ச அட்டைகளையாவது எடுத்து ஒளித்திருக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் சந்தேகம் வருமே என்று அதற்கும் பயந்தேன். எண் இருக்கிற துண்டுகளைப் பொறுக்கி எடுத்தேன். அவசரத்தில் ஒன்று தப்பிவிட்டது.

புதன்கிழமை அது அவர் கைக்கே போனது. அதில் இருந்த எண் எழுபத்திரண்டு. என் கணவர் ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவார். துண்டுக்காரர் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து, "இந்த ஏழு யார் போட்டது?" என்றார். "பழைய பேப்பர் கடையில வாங்கினதுங்க" என்றேன். "எந்தக் கடை?" என்றார். நான் குழந்தையின் மூக்கைத் துடைக்க ஆரம்பித்தேன். அவர் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "பொய் சொல்றவங்க கடை பேரையும் சேத்து யோசிச்சு வச்சிக்கணும்மா."

சேவூர் பஸ்

அன்றைக்குக் காட்சி முடிந்ததும் எங்கள் ஊர் சேவூருக்குப் போகிற டவுன் பஸ்ஸில் முன்பக்கம் ஏறினேன். துண்டுக்காரர் பின்பக்கம் ஏறினார். ஒரு ஸ்டாப்புக்கு முன்னாலேயே இறங்கி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வயல் வரப்பில் சுற்றிக்கொண்டு போனேன். படத்து ஒற்றனே இவ்வளவு சுற்றவில்லை. வீட்டு வாசலுக்கு வந்தால், அவர் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறார். தெருவில் யாரிடமோ என் அடையாளம் சொல்லிக் கேட்டிருக்கிறார். சத்தம் கேட்டு என் கணவர் வெளியே வந்தார். வந்தவர் தலைத்துண்டை எடுத்துவிட்டு அட்டையை நீட்டினார். "இது நீங்க குத்தினதுங்களா?"

என் கணவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போச்சு, வேலை போச்சு என்று நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அட்டை எடுத்தது, வெட்டியது, தியேட்டரில் கொடுத்தது எல்லாவற்றையும் வாசலில் நின்றே கொட்டிவிட்டேன். வந்தவர் பதறிப்போய், "சத்தம் போடாதம்மா, எனக்கும் வேலை போயிடும்" என்றார். என் கணவர் அட்டை குத்திய புடவையை நெய்கிறவரே அவர்தான். கரையில் வருகிற அன்னத்தின் கழுத்தில் ஒரு கோடு விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. எழுபத்திரண்டாவது அட்டை தப்பு என்று கண்டுபிடித்துவிட்டார். முதலாளியிடம் சொன்னால் அட்டை குத்தியவருக்கு வேலை போகும். பேசாமல் நெய்தால் தன் தலையில் விழும். குத்தியவர் யாரென்று தெரியாததால், ஜுரம் என்று சொல்லித் தறியை நிறுத்திவிட்டு, கவலையில் படத்துக்கு வந்திருக்கிறார். வந்த இடத்தில், தன் தறி அட்டைகளில் இருக்கிற அதே குறுக்குக்கோட்டு ஏழு முதல் நாளே கைக்கு வந்திருக்கிறது. யாரிடமோ திருடிய அட்டையை நான் தியேட்டரில் வைத்துக் கைமாற்றுகிறேன் என்று நாலு நாள் என்னைக் காவல் காத்திருக்கிறார். நான் அவரைத் திருடன் என்று நினைத்தேன், அவர் என்னை.

அதற்கு முன்னால் ஒரு நாள் குழந்தை அட்டைக் குவியலுக்குள் தவழ்ந்து கலைத்தபோது நான் அள்ளி வைத்ததில்தான் நல்ல எழுபத்திரண்டு அடுப்புக் குவியலுக்கும் தப்பு எழுபத்திரண்டு தறிக்குப் போகிற கட்டுக்கும் போயிருக்கிறது. என் கணவர் உள்ளே போய் டிசைன் தாளை விரித்து, எழுபத்திரண்டைப் புதிதாகக் குத்திக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் ஒருவர் பேரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் செருப்பை மாட்டும்போது எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில், "படம் எப்படிங்க இருந்தது?" என்று கேட்டுவிட்டேன். அவர் துண்டை மறுபடி தலையில் போட்டுக்கொண்டார். "நாலு நாளா உன்னையே பாத்துகினு இருந்தேன், படத்த எங்கமா பாத்தேன்?"

ஒரே ஆள் நாலு நாள் விடாமல் வந்து கடைசி வரை உட்கார்ந்திருந்த படம் என்று விநியோகஸ்தருக்கு நான் எழுதி அனுப்பியதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை, அதை நம்பி அவர் எந்தெந்த ஊரில் ஓட்டினாரோ அது அவர் பாடு.