சாப்பாட்டு மேசை மேல் ஒரு மலை

மலைமேல் இருக்கும் நாயுடுபுரத்தில் வாட்ச் ரிப்பேர் செய்யும் அண்ணன், வீட்டுச் சாப்பாட்டு மேசை மேல் காகிதக் கூழில் ஒரு மலை செய்து, அதில் பொம்மை ரயிலுக்குப் பாதை போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் ரயில் உச்சிக்குப் போகாவிட்டால் மேசையைக் காலி செய்ய வேண்டும் என்று மதினி கெடு வைத்திருந்தார்.

வியாழக்கிழமை நானும், இன்னொரு ரயில் பைத்தியமான பேக்கரிக்காரரும் போனோம். பழைய கேசட் பிளேயர் மோட்டார் வைத்த எஞ்சின் பாதி மலையில் வழுக்கிக்கொண்டு நின்றது.

"என்னண்ணே, தாண்டிக்குடி மலை ஜீப்புக்கா ரோடு போட்டீங்க? ரயிலு இம்புட்டு ஏத்தம் ஏறுமா?" என்றேன்.

"மலையில பொறந்தவருக்கு இது சமதரைப்பா" என்றார் பேக்கரிக்காரர்.

அண்ணன் கோபப்படவில்லை. பேக்கரிக்காரர் கடையிலிருந்து ரொட்டிக் கத்தியை வரவழைத்து, நாலு மாதம் பார்த்துப் பார்த்துச் செய்த மலையை அறுக்க ஆரம்பித்தார். நானாக இருந்தால் எஞ்சினைத்தான் திட்டியிருப்பேன். அன்றுதான் முதல்முறையாக எனக்குக் கிண்டல் வரவில்லை.

மலையைச் சுற்றி ஏறும் புதுப் பாதையில், ஞாயிறு மதியம் ரயில் மெதுவாக உச்சியைத் தொட்டது. மதினி சாப்பாட்டுத் தட்டுகளைத் தரையில் பரப்பினார்.

"உச்சி ஸ்டேஷன்ல ஒரு டீக்கடை இல்ல. எவன் எறங்குவான்?" என்றார் மதினி.