காதுகுத்துக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை

மரபணு ஆலோசகர் வேலையில் ரத்தம் எடுப்பது சுலபம். வாயிலிருந்து உண்மையை எடுப்பதற்குள் நமக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிடும். சொந்தபந்தங்களைச் சமாளித்து நொந்த உங்களுக்கு இது புரியும்.

டீ குடிக்கப் போன நேரம்

வல்லத்திராக்கோட்டையிலிருந்து செல்வி கைக்குழந்தையோடு வந்தாள், கூடவே மாமியார். தடுப்பூசி போட்ட இடத்தில் பையனின் தொடை கன்றி வீங்கியிருந்தது. ரத்தம் உறையாத பரம்பரை நோயோ என்று டாக்டருக்குச் சந்தேகம். குலசாமி கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் வேறு நெருங்கிவிட்டன. நோய் இருப்பது தெரியாமல் குத்தினால் ரத்தம் லேசில் நிற்காது.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டேன். “எங்க வம்சத்துல கெடையவே கெடையாதுங்க” என்று மாமியார் அடித்துச் சொன்னார். செல்வி விட்டத்தைப் பார்த்தாள். மாமியாரைக் கேன்டீனுக்கு அனுப்பிவைத்தேன். கதவு சாத்தியதும் செல்வி சொன்னாள்: “என் தம்பிக்குப் பல்லு புடுங்குனப்ப ரத்தம் நிக்கவே இல்லைங்க. அவனுக்குப் பொண்ணு பாக்குறாக, வெளிய சொல்லிராதீங்க.”

மாப்பிள்ளை முறுக்கு

இந்த நோய் பெரும்பாலும் தாய்வழியாக வருவது. தம்பியின் மரபணுவில் பிழை எங்கே என்று தெரிந்தால், குழந்தையிடமும் அதே இடத்தை நேராகத் தேடிச் சீக்கிரம் உறுதிசெய்யலாம். தம்பி முருகேசனுக்கு ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி வேலை. செல்வி கொடுத்த நம்பரில் போன் செய்தால் ஒருநாள் லோடு ஏறுகிறது என்பார், மறுநாள் சிக்னல் இல்லை என்பார். எனக்குப் பொறுமை போய்விட்டது. “காது குத்தும்போது பிள்ளை யார் மடியில் உட்காரும்?” என்றேன். “தாய்மாமன், என் மடியிலதாங்க” என்றார்.

மறுநாள் காலையில் எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். “அக்கா மாமியாருக்கும் பொண்ணு வீட்டுக்கும் நானே சொல்லிக்கிறேன். மொதல்ல என் மருமவனப் பாருங்க.”

சாமியும் சொந்தமும்

இருவருக்கும் நோய் உறுதியானது. செல்வி அழுதாள். மருந்து இருக்கிறது, முன்கூட்டியே தெரிந்தது நல்லது என்று தேற்றினேன். முடியை மெஷினில் எடுக்கலாம், காது மட்டும் குத்தக் கூடாது என்றேன்.

பத்திரிகை அடித்துக் கொடுத்தாகிவிட்டது. மாமியார் பேரனின் காதை வருடினார். பிறகு நிமிர்ந்தார். “ஒட்டுற கம்மல் வாங்கிருவோம். சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். சொந்தக்காரககிட்ட நீங்க வந்து பேசுங்க.”

தாய்மாமன் மடியில் ஒட்டுக் கம்மலோடு பிள்ளை தூங்க, கிடா விருந்துப் பந்தி முழுக்க மரபணுவை விளக்கிவிட்டுக் கறி தீர்ந்தபின் வெறும் ரசத்தோடு எழுந்த ஆள் இந்த மாவட்டத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.