வெள்ளைக் கப்பில் இருந்த துரு

எங்கள் வீட்டுக் குளியலறையில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கப் இருக்கிறது. அதன் வெளிப்புறத்தில், கைப்பிடிக்குப் பக்கத்தில், கடுகளவில் ஏழெட்டுப் பழுப்புப் பொட்டுகள். விரலால் தடவினால் சொரசொரப்பாகத் தட்டுப்படும். என் மனைவி அதைப் பல முறை தூரப் போடப் பார்த்தாள். ஓட்டை விழாத கப்பை எதற்குப் போட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நான் திரும்ப எடுத்து வைத்தேன். ஏழு வருடமாகத் தினமும் காலையில் அதில்தான் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்கிறேன். அந்தப் பொட்டுகள் எங்கிருந்து வந்தன என்பது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த நாளிலிருந்து குளிக்கப் போனாலே எரிச்சலாக வருகிறது. யார் மேல் எரிச்சல் என்று கேட்டால், என் மேல்தான்.

அந்தக் கப் குற்றாலத்தில் நான் மேனேஜராக இருந்த லாட்ஜின் கப். ஊர் உலகமெல்லாம் அருவியில் குளிக்கக் குற்றாலத்துக்கு வருகிறது. எங்கள் முதலாளி மட்டும் குற்றாலத்தில் தொட்டியில் குளிக்க வைப்பது என்று முடிவு செய்தார். துபாயில் மகன் வீட்டுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து அவருக்கு இந்தக் கிறுக்கு. மாடியில் இரண்டு அறைகளை இடித்து ஒன்றாக்கி, ‘சூட் ரூம்’ என்று பெயர் வைத்து, கொச்சியிலிருந்து ஒரு வார்ப்பிரும்புத் தொட்டியைச் செங்கோட்டை வழியாக லாரியில் வரவழைத்தார். உள்ளே பால் வெள்ளையில் பீங்கான் போன்ற பூச்சு. எங்கள் ஆட்களால் அதை அசைக்கக்கூட முடியவில்லை. பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து மூட்டை தூக்குகிறவர்கள் எட்டுப் பேரைக் கூட்டி வந்து மாடிக்கு ஏற்றினோம். அதில் ஒருவர் மூச்சு வாங்க உட்கார்ந்துகொண்டு, “அண்ணாச்சி, இதுக்குள்ள கோயில் யானையா குளிக்கப் போவுது?” என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. சீசன் தொடங்க இன்னும் இருபது நாள்தான் இருந்தது. சென்னையிலிருந்து முதலாளியின் புதுச் சம்பந்தி குடும்பம் வந்து அந்த அறையில்தான் முதலில் தங்கப் போகிறது என்று அவர் நாளுக்கு நான்கு முறை போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

தொட்டி பொருத்தி முடித்த மூன்றாம் நாள் காலை, குளியலறை வென்டிலேட்டர் வழியாக ஒரு குரங்கு உள்ளே வந்துவிட்டது. புது சோப்பைக் கடித்துத் துப்பி, திரைச்சீலையைக் கிழித்து, தொட்டிக்குள் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தது. குற்றாலத்தில் கம்பி அடிக்காத ஜன்னலை விட்டு வைத்தது என் தப்பு. உடனே தென்காசியிலிருந்து ஒரு வெல்டரை வரச் சொன்னேன். அவர் வந்த நேரம் சாரல் பிடித்துக்கொண்டது. கம்பியை வெளியே மழையில் வைத்து அறுத்தால் அறுக்கிற மிஷினில் ஷாக் அடிக்கும் என்றார். “அப்ப பாத்ரூமுக்குள்ளேயே வச்சி அறுங்க” என்று சொன்னவன் நான்தான். தொட்டியை முழுதாக மூட ஒரு தார்ப்பாய் கேட்டார். தார்ப்பாய்க்கு அந்த மழையில் எங்கே போவது? அரிசிச் சாக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அது தொட்டியில் பாதிக்குக்கூடப் போதவில்லை. ஒரு மணி நேரம் பொறி பறக்க அறுத்து, கம்பியைப் பொருத்திவிட்டு அவர் போனார். நல்லபடியாக ஒரு வேலை முடிந்தது என்று நான் டீ குடிக்கப் போனேன்.

அந்த லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்தது இலஞ்சியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எல்லாரும் இலஞ்சி அக்கா என்போம். காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கும்போது கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும். அதற்குள் அவரே திரித்துக் கட்டிய தேங்காய் நார், பழைய பல் பிரஷ் இரண்டு, கிழித்த பனியன் துணி. நாங்கள் வாங்கிப் போடும் எதையும் அவர் தொடுவதில்லை. கம்பி நார் நகக்கண்ணில் குத்தும் என்பார். குளியலறையைக் கழுவி முடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நிமிடம் உள்ளே சும்மா நிற்பார். என்ன அக்கா செய்கிறீர்கள் என்று முதல் முறை கேட்டபோது, “பாத்ரூமைக் கண்ணால பாக்கப்பிடாது சார், மூக்காலதான் பாக்கணும். கண்ணு ஏமாத்திரும்” என்றார். நான் மேனேஜராக இருந்த காலம் முழுக்க, குளியலறை சுத்தமில்லை என்று ஒரு விருந்தாளிகூட என்னிடம் வந்து நின்றதில்லை. அதை அப்போது நான் பெரிதாக நினைத்ததும் இல்லை.

கம்பி பொருத்திய மூன்றாம் நாள் இலஞ்சி அக்காதான் வந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். பால் வெள்ளைத் தொட்டியின் அடியிலும் ஒரு பக்கச் சுவரிலும் பழுப்புப் புள்ளிகள். எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்துத் தேய்த்தால் போகும் என்று கீழே சிப்ஸ் கடை வைத்திருந்தவர் சொன்னார், தேய்த்தோம், போனது. மறுநாள் காலை அதே இடத்தில் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. பற்பசை போட்டோம். முதலாளி வீட்டு அம்மா போனில் சொன்னபடி புளியைக் கரைத்துப் பூசினோம். சாயங்காலம் வெள்ளை, விடிந்தால் பொட்டு. வெளியே விடாத சாரல், உள்ளே எப்போதும் ஈரம். அந்த நாலைந்து நாட்களில் நான் சோறு தின்றதைவிடத் தொட்டியைப் பார்த்ததுதான் அதிகம். கண்ணை மூடினாலும் புள்ளிதான் தெரிந்தது. இத்தனை பேர் முதுகை ஒடித்து மேலே ஏற்றியதற்கு இது கூலியா என்று அந்தத் தொட்டியை ஒரு உதைகூட உதைத்தேன். வார்ப்பிரும்பை உதைத்தால் யாருக்கு வலிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் கொச்சிக் கடைக்காரருக்கே போன் போட்டேன். மாற்றித் தரச் சொல்லிக் கத்தினேன். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மலையாளம் கலந்த தமிழில், “தொட்டி துரு பிடிச்சதல்ல சாரே. இரும்புப் பொடி வெளியே இருந்து வந்து ஒட்டியதாணு. ஸ்டீல் நார் இட்டுத் தேய்ச்சோ?” என்று கேட்டார். போனை வைத்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். இரும்பு வெளியிலிருந்து வந்தது என்றார் அவர். வெளியிலிருந்து வேறு என்ன இரும்பு அந்த அறைக்குள் வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். நான் யோசிக்கவில்லை. மண்டையில் நார் என்ற சொல் மட்டும்தான் நின்றது. நார் பிடிக்கிற கை அந்த லாட்ஜில் ஒன்றே ஒன்றுதான்.

இலஞ்சி அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் மஞ்சள் பையை என் மேஜை மேல் கவிழ்த்துக் காட்டினார். “இரும்பு நாரை நான் தொடவே மாட்டேன்னு ஒங்களுக்குத் தெரியும்லா சார்” என்றார். அவசரத்தில் ஒரு நாள் தொட்டிருப்பீர்கள் என்றேன். அவர் எல்லாவற்றையும் பையில் திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். அந்தக் குளியலறையில் தொட்டி விளிம்பில் கிடந்த வெள்ளைக் கப்பைக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தார். “இதுலயும் அதே பொட்டுதான் இருக்கு, பாத்துக்கிடுங்க. இது பிளாஸ்டிக்குல்லா சார். பிளாஸ்டிக்குக்கு எங்கேருந்து துரு வரும்?”

“கம்பி நாரை ஈரத்தோட கப்புக்குள்ள போட்டு வச்சிருப்பீங்க” என்றேன். அந்தப் பதில் எவ்வளவு வேகமாக என் வாயில் வந்தது என்பதை இன்று நினைத்தால் கூசுகிறது.

“உள்ள ஒண்ணும் இல்ல சார். வெளியிலதான் இருக்கு” என்றார் அவர்.

அந்த நேரம் பார்த்து வாசலில் முதலாளியின் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. குளியலறைக் கப் ஆபீஸ் மேஜையில் இருப்பது அழகில்லை என்று அதை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்தேன். முதலாளி நேரே மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். முகம் சிவந்திருந்தது. “யாரு செஞ்ச வேல இது?” என்று கேட்டார். அவருக்கு ஒரு ஆள் வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் நான்தான் ஆள். “கம்பி நார் போட்டுத் தேச்சிட்டாங்க” என்றேன். யார் என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. இலஞ்சி அக்கா அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். “சாயங்காலத்தோட நின்னுக்கிடச் சொல்லு” என்று அவர் முகத்தைப் பார்க்காமலேயே முதலாளி என்னிடம் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

குற்றாலத்தில் லாட்ஜ்கள் எல்லாம் ஒரே வீதியில் ஒட்டி ஒட்டி நிற்பவை. ஒரு லாட்ஜில் நிறுத்தின ஆளை அடுத்த லாட்ஜில் சேர்ப்பதற்கு முன் ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்பார்கள். என்னிடமும் இரண்டு பேர் கேட்டார்கள். நான் சொன்னதையே சொன்னேன். அந்த சீசன் முழுவதும் அவருக்கு எங்கேயும் வேலை கிடைக்கவில்லை என்றும், கடையம் பக்கம் களை பறிக்கப் போகிறார் என்றும் அறைப் பையன்கள் பேசிக்கொண்டார்கள். தொட்டியின் கதை இன்னும் கேவலம். கொச்சிக்காரர் அனுப்பிய ஏதோ பசையில் பொட்டுகள் ஒரு வழியாகப் போயின. சம்பந்தி குடும்பம் மூன்று நாள் தங்கியது. மூன்று நாளும் விடிந்ததும் ஐந்தருவிக்குப் போய் மத்தியானம்வரை குளித்தார்கள். தொட்டியில் ஈரத்துணியை ஊறப் போட்டார்கள். இதற்காகவா ஒரு மனுசியின் பிழைப்பில் மண்ணைப் போட்டேன் என்று அப்போதே லேசாகக் குத்தியது. லேசாகத்தான்.

இரண்டு வருடம் கழித்து நான் அந்த வேலையை விட்டுவிட்டுத் தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேனேஜராக வந்தேன். லாட்ஜில் நான் தங்கியிருந்த அறையைக் காலி செய்தபோது வாளியோடு அந்தக் கப்பும் கூட வந்துவிட்டது. மேஜைக்கு அடியில் கிடந்ததை அந்த சீசனிலேயே என் குளியலுக்கு எடுத்திருந்தேன். போன மாதம் மண்டபத்தில் புதுக் கேட் போடும் வேலை நடந்தது. என் மனைவிக்கு வாங்கிய வெள்ளை ஸ்கூட்டரை நிழலில் நிறுத்தியிருந்தேன். வெல்டர் மிஷினைக் கையில் எடுத்தவர் என்னைப் பார்த்து நிறுத்தினார். “அண்ணாச்சி, வண்டிய அங்கன தள்ளி வைங்க. இரும்புத் தூள் பறந்து ஒட்டிச்சின்னா ரெண்டு நாள்ல பொட்டுப் பொட்டாத் துரு ஏறிரும். பிளாஸ்டிக்குல சுடச்சுட விழுந்தா உள்ளாற இறங்கிரும், பொறவு என்ன தேச்சாலும் போவாது” என்றார். எனக்கு அந்த வெள்ளைக் கப் ஞாபகம் வந்தது. வண்டியை அவரே தள்ளி வைத்தார்.

அன்று மாலையே இலஞ்சிக்குப் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. இலஞ்சி அக்கா வாசல் குழாயில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. கையில் அதே தேங்காய் நார். “வாங்க சார்” என்று எழுந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டார். நான் உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி அறுத்ததுதான் காரணம், அறுக்கச் சொன்னது நான், அது எனக்கு நேற்றுவரை தெரியாது, தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மூச்சு விடாமல் கொட்டினேன்.

அவர் கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டார். “நாலு மைலு வர ஒங்களுக்கு ஏழு வருசம் ஆயிருக்கு” என்றார். பிறகு, “தெரியாதுங்கிய. தெரியாமயா கப்பை எடுத்து மேசைக்கடியில ஒளிச்சிய?” என்று கேட்டார்.

“ஒளிக்கல அக்கா. பாக்க நல்லாருக்காதேன்னு…”

“முதலாளி கண்ணுல படட்டும்னுதான் சார் அத அங்கன கொண்டாந்து வச்சேன். கார் சத்தம் கேட்டதும் ஒங்க கை போன வேகத்த நான் பாத்தேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னார். எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது என்று இன்னும் இரண்டு முறை சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்போலக் கேட்டது. என்னிடம் இருந்த ஒரே சமாதானம், நான் அயோக்கியன் இல்லை, முட்டாள் என்பதுதான். அதையும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது, “அந்தக் கப்பு என்னாச்சி?” என்று கேட்டார்.

“வீட்ல இருக்கு.”

“அத வச்சி என்ன செய்திய?”

“குளிக்கேன்” என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். “குளிங்க” என்றுவிட்டுப் பாத்திரம் துலக்க உட்கார்ந்தார்.

மறுநாள் காலை குளிக்கப் போனேன். கப்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அதே ஏழெட்டுப் பொட்டு, அதே சொரசொரப்பு. உள்ளே ஒன்றும் இல்லை, வெளியில்தான் இருக்கிறது. அன்று அவர் அதைச் சொன்னபோது நான் கப்பைப் பார்த்தேனா? பார்த்திருக்க வேண்டும், கையில் எடுக்காமல் கீழே வைத்திருக்க முடியாது. அழகில்லை என்று எடுத்து வைத்ததாகத்தான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். ஆனால் என் மேஜையில் அப்போது பழைய செய்தித்தாளும் டீ கிளாசும் கடித்து வைத்த வடையும் கிடந்தன. அவற்றை நான் எடுத்து வைக்கவில்லை. கப்பை மட்டும்தான் எடுத்தேன். ஏன் என்று நானே என்னைக் கேட்டு, வாளி நிரம்பி வழிகிறவரை நின்றுகொண்டிருந்தேன்.

தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டு மனைவி கதவைத் தட்டினாள். கப்பைப் பற்றி முந்தின இரவு அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தேன். “அதத் தூரப் போட்டுட்டுப் புதுசு ஒண்ணு வாங்கிருவமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஓட்டை விழவில்லையே என்று இந்த முறை நான் சொல்லவில்லை.