சத்தம் போடாத கம்ப்ரசர்

பழவேற்காட்டில் எங்கள் வீட்டை ஒட்டிய ஷெட்டில் ஃபைபர் படகுகளுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிறேன். என் பழைய கம்ப்ரசரின் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் தினமும் வேலியருகே வந்து, "இன்னாம்மா இது, காது கிழியுது!" என்று கத்துவார். தப்பு என்னுடையதுதான் என்று நம்பி ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டேன்.

சத்தம் குறைந்த கம்ப்ரசர் வாங்க மீஞ்சூருக்குப் போனேன். கடைக்காரர், "வீட்டுக்காரர கூட்டினு வாங்கம்மா," என்றார்.

"பெயின்ட் அடிக்கிறது நானு. நீங்க மெஷின ஓடவுட்டுக் காட்டுங்க," என்றேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்று பேசிப் பார்த்து, என் குரலை அமுக்காத ஒன்றை வாங்கினேன்.

மறுநாள் ஒரு படகுக்கு நீலம் அடித்துவிட்டு வெளியே வந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் வேலியருகே சிரித்தபடி நின்றிருந்தார். "சத்தமே காணோம்! ஒருவழியா வேலைய வுட்டுட்டியா? நல்லதும்மா."

"வுடல. உள்ள ஓடினுதான் கீது," என்று ஈரம் காயாத படகைக் காட்டினேன்.

அவர் முகம் சுருங்கியது. "பொம்பளைக்கு இன்னாத்துக்கு இந்த வேல?"

அவர் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. நான் கேட்ட மன்னிப்புகளை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

தெருவில் கைக்குழந்தைகள் தூங்குகின்றன. அவர்களுக்காகப் புதியதுதான் ஓடும். ஆனால் பழையதை நான் விற்கவில்லை. அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கும் நாளில், அதுதான் பதில் சொல்லும்.