நிரப்பாத கட்டம்

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். இரண்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனதால், நான் சொல்லச் சொல்ல மகனுடைய மகள் எழுதுகிறாள்.

புலம்பெயர்ந்து வந்து குடியேறிய எங்கள் ரெய்னர்ஸ் லேன் வீட்டில், சாப்பாட்டு மேசைக்கு நேரே, என் கணவர், இவளுடைய அப்பப்பா, ஒட்டிவைத்த வம்ச வரைபடம் இன்னும் இருக்கிறது. அவருக்கு வெள்ளைக்காரக் குடும்பப் பெயர். யாழ்ப்பாணத்து வேதக்காரரிடம், அதாவது கிறிஸ்தவர்களிடம், அப்படிப்பட்ட பெயர்கள் உண்டு. வேலையை விட்ட பிறகு அந்தப் பெயரின் வேரைத் தேடிப் புறப்பட்டார். அந்தக் காலத்து வெள்ளைக்கார அரசனின் தேவாலய முறை பிடிக்காமல் கப்பலேறி அமெரிக்காவில் குடியேறிய பியூரிட்டன்காரர் ஒருவர் வரைபடத்தின் உச்சியில் இருக்கிறார். கீழே அவருடைய சந்ததி. அடியில் எங்கள் ஆட்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டம் மட்டும் வெறுமை. என் கணவருடைய பூட்டனுக்குத் தகப்பன் யார் என்பதுதான் அது.

"கண்ணாடியில உங்கட நிறத்தைப் பாத்தனீங்களோ? கப்பலில வெயில் கூடப் போல," என்று பகிடி பண்ணுவேன். சிரிக்கமாட்டார். ஒன்பது வருடம், காலையில் ரயிலேறி நூலகத்துக்குப் போய்விடுவார். பிள்ளைகளும் தங்கள் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். ஆறு கதிரை போட்ட மேசையில் நான் தனியே இருந்து சாப்பிட்டேன்.

அந்தக் கட்டத்துக்குரிய பதில் எனக்குத் தெரியும். கலியாணம் பேசும்போது எங்கள் ஊரில் வம்சத்தைத் துருவித் துருவி விசாரிப்பார்கள். என்னைப் பெற்ற ஐயாவும் விசாரித்தார். வேர் தெரியாத குடும்பம் என்று தயங்கினார். நான்தான் இவரையே கட்டுவேன் என்று நின்றேன்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் சொன்னேன்: "உங்கட பூட்டன் வாந்திபேதியில தாய்தகப்பனைப் பறிகொடுத்த பொடியன். பாதிரிமார்தான் எடுத்து வளர்த்தவை. அமெரிக்காவில ஒரு தாய், செத்துப்போன தன்ர மகன்ர பேரை அவனுக்கு வைக்கச்சொல்லிக் காசனுப்பிப் படிப்பிச்சவ."

"நான் ரெக்கோட் பாக்கிறன். நீர் எழுத வாசிக்கத் தெரியாமல் ஊர்க்கதை சொல்லுறீர்," என்றார்.

அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை. எனக்கும் வீம்பு உண்டு. கடைசியில் ஆஸ்பத்திரியில், "அந்த ஒரு ஆளைக் கண்டுபிடிக்க ஏலாமல் போச்சு," என்றார். அவர் கையைத் தடவிக்கொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்; ஒன்பது வருடமும் வீண் என்று ஆகியிருக்கும். அதனால்தான் சொல்லவில்லை.

போன கிழமை இவள் வந்து, "அப்பம்மா, அப்பப்பான்ர ரிசேர்ச்சை நான் முடிக்கப்போறன்," என்றாள். இவளையும் அந்த வெறும் கட்டத்துக்குள் போகவிட எனக்கு மனமில்லை.

இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள்: "அப்ப அந்தப் பொடியன்ர சொந்தப் பேர் என்ன?"

தெரியாது, பிள்ளை. அவனைப் பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட ஆளிருக்கவில்லை. அதையும் எழுது.

உன் அப்பப்பா எழுத்தில் இருந்தால்தான் நம்புவார். இனி எழுத்தில் இருக்கிறது. முதலிலிருந்து அவசரப்படாமல் ஆறுதலாக வாசி, நான் கேட்கிறேன்.